பதின்மூன்று தாள் இருட்டு

எங்கள் வீட்டில் அந்த மாதம் எல்லோருக்கும் களைப்பு. அம்மாவுக்குத் தூக்கம் இல்லாத களைப்பு. அப்பாவுக்குச் செருப்புக் கடையில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த களைப்பு. அக்காவுக்குப் படிக்கிற களைப்பு. எனக்கு இவர்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டே இருக்கிற களைப்பு. சிரிக்காதீர்கள், அதுவும் பெரிய வேலைதான்.

அம்மாவுக்கு ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் இரவு வேலை. யாராவது போன் செய்து, "ஐயோ, சீக்கிரம் வாங்க!" என்று அலறுவார்கள். அம்மா பதறாமல் முகவரியைக் கேட்டு, எழுதி, வண்டியை அனுப்ப வேண்டும். விடிந்த பிறகு வீட்டுக்கு வருவார். பகலில்தான் தூக்கம்.

அந்தத் தூக்கத்துக்குத்தான் வந்தது வினை. நாங்கள் புதிதாகக் குடிவந்த மாடி வீட்டில் படுக்கையறைக் கூரையில் ஒரு கண்ணாடி இருந்தது. ஜன்னல் இல்லாத அறைக்கு வெளிச்சம் வருவதற்காக யாரோ வைத்தது. செய்தித்தாளை விரித்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அதன் அளவு. ஆனால் வெயில் ஏற ஏற, அம்மாவின் முகத்துக்கு நேரே யாரோ டார்ச் அடிப்பது மாதிரி இருக்கும்.

"கண்ணை ஒரு துணியால கட்டிக்கோங்களேன்" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"கட்டினேன்டி. கண்ணைக் கட்டினா காதுல போன் மணி அடிக்கிற மாதிரியே இருக்கு. பொசுக்குன்னு முழிப்பு வந்துடுது."

கூரையில் ஆணி அடிக்கவும் கூடாது, கண்ணாடியில் பெயின்ட் அடிக்கவும் கூடாது என்று வீட்டுக்கார அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அப்பா ஒரு போர்வையை டேப் போட்டு ஒட்டிப் பார்த்தார். அது நடுப்பகலில் அம்மாவின் மேல் தொப்பென்று விழுந்தது. பயந்து எழுந்த அம்மா, போர்வைக்குள் இருந்தபடியே, "ஆம்புலன்ஸ் சேவை! உங்க முகவரியைச் சொல்லுங்க!" என்றார்.

நானும் அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மாவும் சிரித்தார். ஆனால் அதன் பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்ததாக ஒட்டிய அட்டையும் விழுந்தது. அந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா வேலையிலிருந்து வந்து, சமையலறையில் அப்பாவிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கப் போன நான் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

"நேத்து ராத்திரி ஒருத்தர் போன் பண்ணினார். அவங்க அப்பாவுக்கு நெஞ்சு வலி. தெருப் பேரு சொன்னார். எழுதும்போதே எனக்குக் கண்ணு சொக்கிடுச்சுங்க. வேற ஏதோ தெருவை எழுதிட்டேன்."

"ஐயையோ! அப்புறம்?"

"பக்கத்து நாற்காலியில இருக்கறவ பார்த்துட்டா. வண்டி கிளம்பறதுக்குள்ள மாத்திட்டோம். அந்தப் பெரியவர் நல்லா இருக்கார். ஆனா அவ பார்க்கலைன்னா?"

அப்பா அடுப்பை அணைத்தார்.

"இந்த வாரமும் தூங்க முடியலைன்னா வேலையை விட்டுடறேங்க. தூங்கிவழியற ஆளு அந்த நாற்காலியில உட்காரக் கூடாது" என்றார் அம்மா.

அந்த வேலை கிடைத்த அன்று அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஆடினார். அப்படிப்பட்ட வேலையை ஒரு துண்டுக் கண்ணாடிக்காக விடுவதா? எனக்கு அந்தக் கண்ணாடிமேல் கோபம் கோபமாக வந்தது.

அக்காவிடம் ஓடினேன். அவள் விடுமுறையிலும் புத்தகமும் கையுமாகவே இருப்பாள். பெரிய வகுப்பு. என்னை அவள் கூப்பிடுவது குட்டி என்றுதான். நான் கல்லூரிக்குப் போனாலும் அவளுக்குக் குட்டியாகத்தான் இருப்பேன் போலிருக்கிறது.

நான் சொன்னதைக் கேட்டு அவள் முகம் வாடிப்போனது. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

"கனமா எது ஒட்டினாலும் விழுது. அப்ப லேசா ஒட்டணும். அப்பா கடையில ஷூ பெட்டிக்குள்ள ஒரு மெல்லிசுத் தாள் வருமே, அது எப்படி?"

"அது வெளிச்சத்தை விடுமே அக்கா."

"ஒண்ணு விடும். நிறைய அடுக்கினா?"

வீட்டில் அந்தத் தாள் ஒன்று கிடந்தது. கண்ணாடியின் அளவுக்கு அளவெடுத்தது போல் இருந்தது. அக்காவின் போனில் வெளிச்சத்தை அளக்கிற செயலி உண்டு. நடுப்பகலில் கூரைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தோம். ஆயிரம் என்று காட்டியது. மேலே ஒரு தாளைப் பிடித்தோம். எழுநூறு.

"அதாவது ஒரு தாள் போட்டா பத்துல ஏழு பங்கு வெளிச்சம் உள்ள வருது. இன்னொரு தாள் போட்டா அந்த எழுநூறுலயும் பத்துல ஏழு பங்கு. நானூத்தித் தொண்ணூறு" என்றாள் அக்கா.

"எவ்வளவுக்கு வந்தா அம்மாவுக்குத் தூக்கம் வரும்?"

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. போன வாரம் அம்மாவின் விடுமுறை நாளில், பொழுது சாயும் நேரத்தில், அவர் பேசிக்கொண்டே இருக்கும்போது அப்படியே தூங்கிப்போனார். அப்போது அக்கா இந்தச் செயலியைத்தான் நோண்டிக்கொண்டிருந்தாளாம். பத்து என்று காட்டியதாம்.

"ஆயிரத்தைப் பத்தாக்கணும். நூறுல ஒரு பங்கு. எத்தனை தடவை பாயின்ட் ஏழால பெருக்கினா நூறுல ஒண்ணு வரும்? இந்த 'எத்தனை தடவை'க்குத்தான் மடக்கைன்னு பேரு" என்றாள் அக்கா. களைப்பெல்லாம் பறந்து அவள் கண் பளபளவென்றானது. கணக்கு வந்தால் அவள் அப்படித்தான்.

"அப்ப கால்குலேட்டர்ல தட்டு."

"தட்டலாம். ஆனா பாயின்ட் ஏழுக்குன்னு தனியா பட்டன் கிடையாது. எந்த எண்ணால பெருக்கறோமோ அதுதான் அடிமானம். இதுல ரெண்டே ரெண்டு அடிமானத்துக்குத்தான் பட்டன் இருக்கு. லாக்னு போட்டிருக்கே, அதுக்கு அடிமானம் பத்து. எல்.என்.னு போட்டிருக்கே, அதுக்கு அடிமானம் ரெண்டு பாயின்ட் ஏழு ஒண்ணு எட்டுன்னு நீண்டுக்கிட்டே போற ஒரு எண். அதுக்கு இயல் மடக்கைன்னு பேரு."

"ஏன் இயல்?"

"அதை அப்புறம் சொல்றேன்."

அப்புறம் சொல்கிறேன் என்றால் அக்காவுக்கே சரியாகத் தெரியாது என்று அர்த்தம். நான் பெரிய மனதோடு விட்டுவிட்டேன்.

"நமக்கு வேண்டிய அடிமானத்துக்குப் பட்டன் இல்லைன்னா பரவாயில்லை. நூறுல ஒண்ணோட மடக்கையை, பாயின்ட் ஏழோட மடக்கையால வகுத்தா போதும். அடிமானத்தை மாத்தற வழி அது" என்றபடியே லாக் பட்டனை அழுத்தினாள். கழித்தல் இரண்டு என்று வந்தது. அடுத்ததற்கு மறுபடி அழுத்தினாள். பட்டன் உள்ளே போனது. வெளியே வரவில்லை.

"உன் ஜாம் வேலைதானே இது?" என்று முறைத்தாள். ஒரு காலத்தில் அந்தக் கால்குலேட்டர் மேல் நான் ஜாம் கொட்டியது உண்மைதான். ஆனால் எதற்கெடுத்தாலும் அதையே சொல்வது ரொம்ப அநியாயம்.

"போகட்டும். எல்.என். பட்டனும் மடக்கைதானே" என்று அதை அழுத்தினாள். கழித்தல் பாயின்ட் மூன்று ஐந்து ஏழு. "ரெண்டுக்கும் முன்னாடி கழித்தல் இருக்கு. வகுத்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு ஓடிப்போயிடும். ரெண்டை பாயின்ட் மூணு அஞ்சு ஏழால வகுத்தா அஞ்சு பாயின்ட் ஆறு. ஆறு தாள், குட்டி!"

அப்பா ஆறு தாள் கொண்டுவந்தார். கீழ் வீட்டுப் பெயின்டர் மாமா ஏணியோடு வந்து, தாள்களை ஒன்றாக அடுக்கி, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அவரும் நாளெல்லாம் ஏணியில் ஏறி இறங்கி அலுத்துப்போனவர். "இறங்கும்போதுதான் மூட்டு திட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அம்மா வந்து படுத்தார். தாள் விழவில்லை. நானும் அக்காவும் வெளியே பூனை மாதிரி நடந்தோம். மதியம் அம்மா எழுந்து வந்தபோது ஓடிப்போய்க் கேட்டேன்.

"தூங்கினீங்களாம்மா?"

"நல்லாத் தூங்கினேன் கண்ணு. என் தங்கங்கள்" என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

பொய். அம்மாவின் கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் இடையில் ஒருமுறை கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்திருந்தேன். அம்மா கண்ணைத் திறந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எங்கள் மனம் நோகக்கூடாது என்று பொய் சொல்கிறார். இதைவிட அவர் எங்களைத் திட்டியிருந்தால் தேவலை.

அம்மா குளிக்கப் போனதும் அக்காவின் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கண்ணாடிக்கு நேர் கீழே பிடித்தேன். நூற்றுப் பதினெட்டு. பத்து எங்கே, நூற்றுப் பதினெட்டு எங்கே!

கால்குலேட்டரை எடுத்து உட்கார்ந்தேன். எனக்கு மடக்கை தெரியாது, பெருக்கல் தெரியும். ஆயிரத்தை பாயின்ட் ஏழால் பெருக்கினேன். எழுநூறு. மறுபடி. நானூற்றுத் தொண்ணூறு. மறுபடி, மறுபடி, மறுபடி. ஆறாவது தடவை வந்தது கிட்டத்தட்ட நூற்றுப் பதினெட்டு.

"அக்கா, போன் பொய் சொல்லலை. ஆறு தாள் போட்டா இவ்வளவுதான் வரும். உன் கணக்குதான் தப்பு."

"சூத்திரம் தப்பாகாது" என்றாள் அக்கா. ஆனால் குரலில் சத்தமே இல்லை. நேற்று இரவெல்லாம் அவளும் அம்மாவை நினைத்துப் புரண்டு புரண்டு படுத்தாள். "எனக்குத் தலை சுத்துது குட்டி. ஒண்ணும் ஓடலை. நாளைக்குப் பெயின்டர் மாமா வேற ஊர்ல வேலைன்னு ஏணியோட போறார். இன்னிக்கு ஒட்டினா உண்டு, இல்லைன்னா அவ்வளவுதான்."

அப்போது போன் அடித்தது. அப்பா. தூங்கவில்லை என்று அம்மா அவரிடம் மட்டும் சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

"பாப்பா, இன்னும் எத்தனை தாள் வேணும்னு அக்காகிட்டக் கேட்டுச் சொல்லு. சரியா ஒரே எண்ணா சொல்லணும். சும்மா சும்மா கேட்டா முதலாளி முகத்தைத் தூக்கி வெச்சுக்கறார். அளவுக்கு மேல அடுக்கினா கனம் தாங்காது, டேப் விட்டுடும்" என்றார். அவர் குரலிலும் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்த அலுப்பு கேட்டது.

"கொஞ்ச நேரத்துல சொல்றேம்பா."

போனை வைத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ நேத்து என்னென்ன அழுத்தினேன்னு மெதுவாச் சொல்லு. எனக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி வேண்டாம். செஞ்சதை மட்டும் சொல்லு."

"நூறுல ஒண்ணுக்கு லாக் அழுத்தினேன். பட்டன் மாட்டிக்கிச்சு. பாயின்ட் ஏழுக்கு எல்.என். அழுத்தினேன். வகுத்தேன்."

"ஒண்ணுக்கு ஒரு பட்டன், இன்னொண்ணுக்கு வேற பட்டனா?"

"ரெண்டும் மடக்கைதானேடி!"

"மடக்கைதான். ஆனா ஒரே மடக்கையா?"

அக்கா இரண்டு பட்டனையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எதையாவது கையால் தொட்டுப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். எழுந்து அம்மாவின் கட்டிலுக்குப் போனேன்.

"இந்தக் கட்டில் நீளத்துக்கு எத்தனை தலைகாணி வரிசையா வெக்கலாம்? சாணால அளந்து சொல்லலாம் வா."

நான் என் சாணால் கட்டிலை அளந்தேன். பன்னிரண்டு சாண். தலையணை நான்கு சாண். பன்னிரண்டை நான்கால் வகுத்தால் மூன்று தலையணை.

அக்கா தன் நீளமான விரல்களால் அளந்தாள். கட்டில் ஒன்பது சாண். தலையணை மூன்று சாண். வகுத்தால் அதே மூன்று.

"யார் சாணா இருந்தாலும் பதில் மூணுதான். ஏன்னா சாண் வகுக்கும்போது போயிடுது" என்றேன். "இப்ப கட்டிலுக்கு உன் சாண், தலைகாணிக்கு என் சாணை எடுத்துக்கோ."

"ஒன்பதை நாலால வகுத்தா ரெண்டே கால்" என்றாள் அக்கா. சொன்னபடியே நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே! நான் செஞ்சது அதேதான்! மேல ஒருத்தர் சாண், கீழ இன்னொருத்தர் சாண்!"

"அதான் தாள் குறைஞ்சுபோச்சு."

"எந்த அடிமானமா இருந்தாலும் சரி, ரெண்டுக்கும் அதையே போடணும்னு புத்தகத்துலயே இருக்கு குட்டி. நான் அந்த வரியைப் படிச்சுட்டு, தெரிஞ்ச விஷயம்தானேன்னு தாண்டிப் போயிட்டேன்."

லாக் பட்டன் இன்னும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் என்ன? இரண்டுக்கும் எல்.என். பட்டனையே அழுத்தினோம். நூறில் ஒன்றுக்கு, கழித்தல் நான்கு பாயின்ட் ஆறு சொச்சம். பாயின்ட் ஏழுக்கு, அதே கழித்தல் பாயின்ட் மூன்று ஐந்து ஏழு. கழித்தல்கள் இரண்டும் அடித்துக்கொண்டு ஓடின. வகுத்தால் பன்னிரண்டு பாயின்ட் ஒன்பது.

"பதிமூணு தாள்!" என்றாள் அக்கா. உடனே முகம் சுருங்கியது. "நேத்தும் இப்படித்தான் குதிச்சேன்."

"இரு" என்று கால்குலேட்டரை வாங்கினேன். நூற்றுப் பதினெட்டில் நிறுத்தியிருந்தேன் அல்லவா? அங்கிருந்து மேலும் பெருக்கிக்கொண்டே போனேன். எண்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு. விரல் வலித்தது. அக்கா வாய்விட்டு எண்ணினாள். பதிமூன்றாவது தடவை திரையில் ஒன்பது பாயின்ட் ஏழு நின்றது. பத்துக்கு ஒரு மயிரிழை கீழே.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கத்திக் குதித்திருக்க வேண்டும். அதற்கும் தெம்பு இல்லாததால் கட்டிலில் பொத்தென்று சாய்ந்து சிரித்தோம்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். "இன்னும் ஏழு தாள்பா. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"நிச்சயமா?"

"ரெண்டு விதமாப் போட்டுப் பார்த்துட்டோம்பா."

அம்மா வேலைக்குக் கிளம்பிப் போன கையோடு அப்பா தாள்களோடு வந்தார். பெயின்டர் மாமா ஏணியைச் சுவரில் சாய்த்தார்.

"மறுபடியுமா? இன்னும் ஒரு தடவை வந்தா இங்கேயே பாய் போட்டுப் படுத்துடுவேன்" என்றார்.

"இதுதான் மாமா கடைசி" என்றேன்.

அவர் ஏழு தாளையும் ஒவ்வொன்றாக நீவி விட்டு, சுருக்கம் இல்லாமல், பழைய ஆறின் மேல் ஒட்டினார். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டார். அக்கா டேப் கிழித்துக் கொடுத்தாள். எண்ணிச் சரிபார்ப்பது என் வேலை.

மறுநாள் காலை அம்மா வந்து படுத்துக்கொண்டார். அப்பா கடைக்குப் போய்விட்டார். நானும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்து படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் ஏறியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"சத்தம் வந்தா உன்னைக் கொன்னுடுவேன்."

போனைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். நடுப்பகலிலும் அறை அந்திப்பொழுது மாதிரி இருந்தது. போனைப் பார்த்தேன். பத்து.

அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மெல்லிய குறட்டை வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

உடனே திரும்பிப் போய் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கால் நகரவில்லை. ஒரு நிமிடம் மட்டும் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அம்மாவின் பக்கத்தில் கதகதப்பாக இருந்தது. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

என்னைத் தேடிக்கொண்டு வந்த அக்காவுக்கும் அதேதான் ஆயிருக்கிறது.

பொழுது சாயும்போது அப்பாவின் குரல் கேட்டு எனக்கு லேசாக விழிப்பு வந்தது. கதவருகே நின்று தாழ்ந்த குரலில் கேட்டார். "என்ன, ஒருத்தர்கூட எழுந்திருக்கலையா?"

"நான் இப்பதாங்க எழுந்தேன்." அது அம்மா. அந்தக் குரலில் புதுத் தெம்பு இருந்தது. "மத்தியானம் எப்பப் போச்சுன்னே தெரியலை. ஒரு கனவுகூட வரலை. கல்லு மாதிரி தூங்கியிருக்கேன். தாளுக்கு மேல தாளா ஒட்டியிருக்கறதைப் பார்த்தேன். இவ்வளவு பண்ணியிருக்குதுங்க!"

அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப வேலை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேலைக்கு என்ன? போகத்தான் போறேன். இனிமே ஒரு எழுத்துகூட மாறாது பாருங்க."

அக்கா தூக்கத்தில் என் மேல் காலைப் போட்டாள். நான் அசையவில்லை.

"குட்டிகளை எழுப்பட்டுமா? சாப்பிடலையே" என்றார் அப்பா.

"வேண்டாங்க, பாவம், களைச்சுப் போயிருக்குதுங்க. நான் சமைச்சு வெச்சுட்டுக் கிளம்பறேன்."

அம்மா என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, போர்வையை இழுத்து எங்கள் இருவர் மேலும் போர்த்தினார். எனக்கு விழித்திருந்து அவரிடம் எல்லாக் கதையையும் சொல்ல ஆசைதான். ஆனால் அந்த அறை அவ்வளவு இருட்டாக இருந்தது, நான் மறுபடி தூங்கிப்போனேன்.